உலர்புல்லா, சைலேஜா? குளிர்காலப் பாலுக்கு இரண்டு வழிகள்

பின்லாந்தில் பசுக்கள் புல்வெளியைப் பார்ப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களிலும் வருடத்தில் பாதிக்கு மேல் தொழுவ வாழ்க்கை. அத்தனை மாதத் தீனியையும் கோடையிலேயே அறுத்துச் சேர்த்தாக வேண்டும். காயவைத்து உலர்புல்லாக அடுக்கலாம். காற்றுப் புகாமல் அழுத்திப் புளிக்கவைத்து, நம்மூர்க் கால்நடைத் துறையினர் ஊறுகாய்ப்புல் என்று சொல்லும் சைலேஜாகவும் வைக்கலாம். ஆஸ்திரியாவின் மலைப்பகுதிகளில் பலர் இன்னும் முதல் வழியை விடவில்லை. பின்லாந்து இரண்டாவதற்குப் போய் வெகுகாலமாகிறது.

குளிரில் மாடு நடுங்கிச் சாகும் என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் புல் நொதிக்கும் சூடே அதற்குப் பெரிய கணப்பு. உடம்பு நனையாமல், காற்று நேரே அடிக்காமல், படுக்கை உலர்ந்து இருந்தால் உறைநிலைக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியைக்கூடக் கறவைப் பசு எளிதில் தாங்கும். தீனி மட்டும் கூடுதலாகக் கேட்கும். பாடு எல்லாம் மனிதருக்குத்தான்: உறைந்துபோன தண்ணீர்க் குழாய், கறந்தபின் ஈரத்தோடு விட்டால் பனியில் வெடிக்கும் காம்பு, மேல்சட்டை மாட்டி, கூடுதல் பாலும் ஊட்ட வேண்டிய பிறந்த கன்று.

விவசாயியின் கண்ணில் சைலேஜுக்குத்தான் வெற்றி. புல்லை அறுத்து ஒரு நாள் வாட்டினால் போதும். குழியில் கொட்டி, டிராக்டர் ஏற்றி மிதித்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடலாம். உலர்புல்லுக்கோ தொடர்ந்து சில நாள் நல்ல வெயில் வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ரொம்ப ஈரமாக அடுக்கிவிட்டால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடித்துக் களஞ்சியத்தையே எரித்துவிடும். அதனால்தான் இன்று மலைப்பண்ணைகளில் கூரைக்கு அடியில் சூடாகும் காற்றை விசிறியால் இழுத்துப் புல்லுக்குள் செலுத்துகிறார்கள். செலவு பிடிக்கும் வேலை.

சைலேஜிலும் வில்லங்கம் உண்டு. புளிப்பு சரியாக ஏறாவிட்டால் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவின் இடத்தை பியூட்டிரிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். நாற்றம் தொழுவத்தோடு நிற்காது. அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் சாணம் வழியாகப் பாலுக்கு வந்து, பாஸ்டரைஸ் செய்தாலும் சாகாமல், மாதக்கணக்கில் முதிரும் பாலாடைக்கட்டிக்குள் வாயுவைக் கிளப்பி வெடிக்கவைக்கும். பார்மிஜானோ ரெஜானோ, கோம்தே, க்ரூயேர் என்ற பாலாடைக்கட்டி வகைகள் மூன்றிலும் சைலேஜ் தின்ற மாட்டின் பாலுக்கு அனுமதி இல்லாததன் காரணம் இதுதான், பழம்பெருமை அல்ல.

இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தவர் அர்துரி இல்மாரி வீர்தனென். பின்லாந்தின் வாலியோ பால் கூட்டுறவின் ஆய்வகத்தில் இருந்தவர். புல்லோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக், கந்தக அமிலங்களைத் தெளித்து, புளிப்பு ஏற ஏறக் குறையும் பி.எச். அளவைச் சட்டென்று 4க்குக் கீழே இறக்கினார். கெடுக்கும் பாக்டீரியா தலைதூக்கவில்லை. புரதமும், வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டினும் புல்லிலேயே தங்கின. அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் ஏ.ஐ.வி. முறை என்று பெயர்பெற்ற இந்தக் கண்டுபிடிப்பை முன்னிட்டு 1945இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பிறகு அந்த அமிலங்களின் இடத்துக்கு ஃபார்மிக் அமிலம் வந்தது.

சரி, தம்ளரில் என்ன வித்தியாசம்? உலர்புல் பால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் மூன்று கிராமுக்குச் சற்று மேல் புரதமும் இருக்கும். புல் காய்ந்ததோ புளித்ததோ, இவை பெரிதாக அசையாது. அசைவதெல்லாம் கொழுப்பிலும் அதில் கரைந்த சத்துகளிலும்தான்.

அங்கேயும் உலர்புல் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. வயலில் வெயில் பட்டுக் காயும்போது கரோட்டின் பெருமளவு அழிகிறது. நல்ல சைலேஜில் அது நிற்கிறது. அதனால் வெயிலில் காய்ந்த புல்லைத் தின்ற பசுவின் குளிர்கால வெண்ணெய் வெளுத்திருக்கும். அதே வெயில் காயும் புல்லில் வைட்டமின் டி-யை உண்டாக்குகிறது என்பது நிஜம்தான், ஆனால் பாலுக்கு வரும் அளவு சொற்பம். குளிர்காலத்தில் சூரியனே அரிதாக எட்டிப்பார்க்கும் பின்லாந்தில் இதை மாட்டின் பொறுப்பில் விடவில்லை. 2003 முதல் பாலில் வைட்டமின் டி சேர்க்கிறார்கள். 2010இல் அளவை 100 மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமாக இரட்டித்தார்கள்.

ஒமேகா-3 கொழுப்பில் உலர்புல் பால் முந்துவது பெரும்பாலும் மக்காச்சோளச் சைலேஜும் அடர்தீவனமும் தின்ற பசுவின் பாலோடு ஒப்பிடும்போதுதான். அந்தப் பெருமையில் பெரும் பங்கு புல்லுக்கு, உலர்த்தியதற்கு அல்ல. ஹொய்மில்ஷ் என்ற பெயரில் விற்கும் உலர்புல் பாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் மரபுச் சிறப்பு முத்திரை கொடுத்தது. அதன் விதியில் எனக்கு முக்கியமாகப் படுவது சைலேஜ் தடை அல்ல. ஆண்டுத் தீனியில் உலர்எடைக் கணக்கில் குறைந்தது 75 சதவீதம் புல் போன்ற நார்த்தீவனமாக இருக்க வேண்டும் என்கிற பகுதிதான்.

வியன்னாவிலோ ஸூரிக்கிலோ இருந்துகொண்டு கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முழுக்கொழுப்புப் பாலோ வெண்ணெயோ பாலாடைக்கட்டியோ வாங்கினால் கொடுங்கள், பாலாடைக்கட்டிக்கு அவசியம் கொடுங்கள். கொழுப்பு நீக்கிய பாலுக்கு உலர்புல் முத்திரை பார்த்து வாங்குவதில் சத்துக் கணக்கில் அர்த்தமில்லை, வித்தியாசம் ஏடோடு போய்விடுகிறது. மலைச்சரிவில் புல் அறுக்கும் குடும்பம் அந்தத் தொழிலில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தால் அது தனிக் கணக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.