ஒரு கால் அனுப்பினேன், பெயர் வந்தது

டிஎன்ஏ துண்டு ஒன்றைப் படித்து இனத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் டிஎன்ஏ பார்கோடிங் செய்து தரும் ஓர் ஆய்வகத்துக்கு 12 அந்துப்பூச்சிகளின் கால்களை அனுப்பினேன். ஆமாம், ஆளுக்கு ஒரு கால்தான். உடல்கள் என் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன.

அவர்கள் படிப்பது சிஓஐ என்னும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் சுமார் 658 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை. 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹீபர்ட் குழு முன்வைத்த முறை இது. அந்தத் துண்டைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறார்கள்.

ஒன்பதுக்குத் தெளிவான விடை. அதிலும், ஒரே இனம் என்று நான் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்திருந்த இரண்டு சாம்பல் பூச்சிகளுக்கு இடையே 6 சதவீத வேறுபாடு! லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தால், ஒன்றின் முன்னிறகு ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு. இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேனோ.

இரண்டுக்குப் பேரினம் வரைதான் வந்தது. ஒப்பிட அந்த இனத்தின் பதிவே இல்லையென்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? சரி. ஆனால் பன்னிரண்டாவதற்கு ‘தோல்வி’ என்று ஒற்றைச் சொல். காரணம் தெரிய மூன்று மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. ஃபார்மலினில் கிடந்த பழைய மாதிரியாம், டிஎன்ஏ சிதைந்துவிட்டதாம். இதைப் படிவத்திலேயே கேட்டிருக்கலாமே!

செடிக்காரர்கள் வேறு இடம் பாருங்கள். தாவரங்களுக்கு சிஓஐ சரிப்படாது. ஆர்பிசிஎல், மேட்கே என்னும் வேறு மரபணுக்கள் வேண்டும். அந்தச் சோதனை இந்த ஆய்வகத்தில் இல்லை.

அடுத்த 20 கால்கள் ஆல்கஹாலில் தயார்.