கைகட்டி நிற்பதைக் குறையாகச் சொன்ன வகுப்பு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு பையர்களுடன் பேசும் வேலையில் இருக்கிறேன். அதற்கு உதவும் என்று நம்பி, கோவையில் இரண்டு நாள் நடந்த உடல்மொழிப் பயிற்சி வகுப்புக்கு 3,500 ரூபாய் கட்டிச் சென்று வந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசுவதை வீடியோ எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். விலையைச் சொல்ல வரும்போதெல்லாம் என் விரல்கள் பேனா மூடியைத் திருகத் தொடங்குவதை அன்றுதான் கண்டேன். கட்டணத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

மீதிப் பாதிதான் மனதை உறுத்துகிறது. நாம் சொல்ல வருவதில் 93 சதவீதம் சொற்களின்றியே போய்ச் சேர்கிறது என்று அடித்துச் சொன்னார்கள். இந்தக் கணக்குக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகள், பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்பதைக் குரலையும் முகத்தையும் கொண்டு கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்று மட்டுமே பார்த்தவை. எல்லாப் பேச்சுக்கும் அக்கணக்கு பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். துணியின் ஜிஎஸ்எம்மையும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பது) ஷிப்மென்ட் தேதியையும் முகபாவத்தால் சொல்ல முடியாது.

கையைக் குறுக்கே கட்டினால் மனதை மூடிக்கொண்டதாகப் பொருள் என்றும் கற்பித்தார்கள். பெரியவர் முன்னால் கைகட்டி நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதை. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, பயிற்றுநரின் முன் அப்படித்தான் நின்றான். எல்லோர் முன்னிலையிலும் அதைக் குறையாகச் சுட்டியபின், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாலைவரை அவன் வாயே திறக்கவில்லை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, சைகையின் பொருள் அதைப் பழகியவர்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

கையை அசைக்காமல் பேசச் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், பார்வையற்ற இன்னொருவரிடம் பேசும்போதும் கையை அசைக்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 1998-இல் எழுதியிருக்கிறார்கள். பார்ப்பவருக்காக மட்டும் கை அசைவதில்லை, சொல்லைக் கோக்கும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

வீடியோப் பயிற்சியை மட்டும் ஒருநாள் வகுப்பாக நடத்தினால், எங்கள் கம்பெனியிலிருந்து நான்கு பேரையாவது அனுப்பச் சொல்வேன். இப்போதுள்ள வடிவில், முதல் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.