மூலமும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும்: மூன்று வருட அனுபவம்

மும்பை செம்பூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சிட்ஸ் பாத் தொட்டி (வெந்நீரில் ஆசனவாய் நனைய உட்காரும் தொட்டி) வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வெஸ்டர்ன் டாய்லெட் விளிம்பில் பொருந்தி உட்காரும் வெள்ளைத் தொட்டி. ஊரிலிருந்து வந்த மாமியார் சப்பாத்தி மாவு பிசைய எடுத்துவிட்டார். பாய்ந்து போய்ப் பிடுங்கினேன்.

எனக்கு வலியே இல்லை. ரத்தம்தான், பளிச்சென்ற சிவப்பில் சொட்டியது. லோக்கல் ரயிலில் ஒட்டியிருந்த நோட்டீஸை நம்பி ஒரு கிளினிக்கில் பணத்தை விட்டேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் பொடி கொடுத்தார்கள். அப்புறம் போன சர்ஜன்தான் குழாய் வைத்துப் பார்த்து, இரண்டாம் நிலை உள்மூலம் என்றார். அதாவது முக்கும்போது வெளியே வரும், தானாக உள்ளே போய்விடும். கண்ணாடித் துண்டு அறுப்பது போல வலித்தால் பெரும்பாலும் அது மூலமல்ல, ஆசனவாயில் வரும் வெடிப்பாம். வயது 47 என்பதால் கொலனோஸ்கோப்பியும் (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்யச் சொன்னார். ரத்தம் வந்தாலே மூலம் என்று நாமே முடிவு கட்டினால் குடல் புற்றுநோய் தப்பிப் போய்விடலாம்.

காலில் எனக்கு நரம்பு சுருட்டலும் உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். இல்லையாம். காலில் பழுதாவது சிரைகளின் வால்வு. ஆசனவாய்க்குள்ளோ எல்லாருக்கும் பிறவியிலேயே ரத்தக்குழாய் நிறைந்த மெத்தைகள் இருக்கின்றன. முக்கி முக்கி அவை வீங்கிச் சரிந்தால் மூலம். தமனி ரத்தமும் அங்கே கலப்பதால்தான் அந்தப் பளிச் சிவப்பு.

சரி, தொட்டிக்கு வருவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்கார்ந்தால் எரிச்சலும் இறுக்கமும் அடங்கும். உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். தண்ணீர் விடக் கூடவே வந்த ரப்பர் குழாய் ஆறே மாதத்தில் விரிசல் விட்டது, அதற்கு ஒரு சொம்பு போதும். இந்தியன் டாய்லெட் உள்ள வீட்டுக்கு இது உதவாது.

ஆனால் தொட்டி சுகம்தான் தரும், ரத்தத்தை நிறுத்தியது இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி. முதல் வாரம் அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கி, மலம் இன்னும் கல்லாகிப் போனது. இரவில் இரண்டு ஸ்பூன், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், பகலிலும் தாராளமாகத் தண்ணீர் என்று மாற்றியதும் சரியானது. அம்மா சொன்ன கருணைக்கிழங்கும் மாட்டுங்கா மார்க்கெட்டில் ‘சூரன்’ என்று கேட்டால் கிடைக்கிறது; நார்ச்சத்துக்கு நல்லதுதான். போனை டாய்லெட்டுக்கு வெளியே வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அரைமணி உட்கார்ந்தவன் இப்போது ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன்.

தொட்டி இப்போது பரணில். கடைசியாக இறக்கியது தீபாவளிக்கு அடுத்த நாள்.