'அம்மா செத்துட்டாங்க சார்': ஒரே பொய், இரண்டு படங்கள்

இரண்டு பையன்கள். ஒருவன் 1959-இல் வந்த படத்தில் பாரிஸில் இருக்கிறான். மற்றவன் 2009-இல் வந்த படத்தில், கனடாவின் கியூபெக்கில். இருவருமே பள்ளியில் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள்: அம்மா இறந்துவிட்டார்.

முதல் படம் பிரான்சுவா த்ரூஃபோவின் 'லே கத்ர் சான் கூ'. 'நானூறு அடிகள்' என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். ஆங்கிலத் தலைப்பு செய்த கோளாறு அது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தொடரை ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுவதற்குச் சொல்வார்கள். யாரும் யாரையும் எண்ணி அடிப்பதில்லை. இரண்டாவது படம் சேவியர் டோலனின் 'ழே துயே மா மேர்', அதாவது 'அம்மாவைக் கொன்றேன்'. பயப்பட வேண்டாம், கொலை ஏதும் நடக்காது.

பதின்வயது அடங்காமை பற்றிய பிரெஞ்சு மொழிப் படம் என்று யாராவது கேட்டால் உடனே முதல் படத்தைத்தான் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு அதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

அந்தப் பொய்யையே எடுத்துக்கொள்வோம். த்ரூஃபோவின் பையன் அந்துவான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறான். தெருவில் அம்மா வேறொரு ஆணை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறான். மறுநாள் வாத்தியார் பிடித்து உலுக்கும்போது வாயில் வந்தது அந்த வார்த்தை. சிடுசிடு வாத்தியார் ஒரு நொடியில் குழைந்துபோகிறார். பெற்றோரே பள்ளிக்கு வந்து நிற்க, குட்டு உடைந்து, வகுப்பின் முன்னால் அப்பாவிடம் அறை வாங்குகிறான். மாட்டிக்கொண்டவன் தப்பிக்கச் சொன்ன பொய் அது, அவ்வளவுதான்.

டோலனின் பையன், பதினாறு வயது ஊபேரை யாரும் நெருக்கவில்லை. பெற்றோரின் வேலை, வருமானம் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்கிறார் ஆசிரியை. அம்மா இல்லை, சித்தியைப் பற்றி எழுதட்டுமா என்கிறான் அவன். சும்மா, வெறுப்பில் சொன்னது. பிற்பாடு அம்மாவே நேரில் வந்து, என்னைப் பார்த்தால் செத்தவள் மாதிரியா இருக்கிறது என்று கேட்கிறார். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது.

அந்துவான் அடங்காதவன் இல்லை என்பதுதான் என் கட்சி. கவனிப்பாரற்றவன். வீட்டில் அவன் படுப்பது வாசற்கதவை ஒட்டிய இடுக்கில். அப்பாவின் அலுவலகத்தில் டைப்ரைட்டரைத் திருடுகிறான். விற்க முடியாமல் திருப்பி வைக்கப் போகும்போது பிடிபடுகிறான். போலீஸ் வண்டியின் கம்பிகளுக்குப் பின்னால், இரவு பாரிஸின் விளக்குகள் முகத்தில் விழ, கன்னத்தில் கண்ணீர் இறங்கும் அந்த ஷாட் ஒன்று போதும், ஹென்றி தெக்காயின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கு. நமக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது. கோபம் ஒரு தடவைகூட வருவதில்லை.

ஊபேரை எனக்கு நாலு முறையாவது அறையத் தோன்றியது. அம்மா சாப்பிடும் வாயை அருவருப்போடு நெருக்கத்தில் பார்க்கிறது கேமரா. அதாவது அவன் பார்வை. காரில் சண்டை, சமையலறையில் சண்டை. அப்புறம் குளியலறையில் கேமராவைத் தனக்குத்தானே திருப்பி வைத்துக்கொண்டு, அம்மாமேல் பாசம் உண்டு, ஆனால் மகனாக இருக்கத் தெரியவில்லை என்கிற தோரணையில் பேசுகிறான். தனக்கு ஒரு காதலன் இருப்பதைக்கூட அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பையனின் தாயார் பேச்சுவாக்கில் சொல்லித்தான் இவருக்குத் தெரியவருகிறது. பாசம் கிடைக்காத பிள்ளை முரண்டு பிடிப்பதில் என்ன புதுமை? கிடைத்தும் பிடிக்கிறானே, அதைத்தான் அடங்காமை என்பேன்.

தயாரிப்பு விஷயத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே ஜாதி. த்ரூஃபோ தன் சொந்த நிறுவனத்தில் எடுத்தார்; 27 வயதில் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது. டோலன் குழந்தை நட்சத்திரமாகச் சம்பாதித்த பணத்தையும் போட்டு, 19 வயதில் இயக்கி, ஊபேராகவும் தானே நடித்தார். கானின் இயக்குநர்கள் பிரிவில் மூன்று விருதுகள். இருவருக்கும் கதை சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது.

கைத்திறனில் போட்டியே கிடையாது, த்ரூஃபோதான். த்ரூஃபோவின் படத்தில் மனநல நிபுணர் கேள்வி கேட்கும் காட்சியில் அவர் முகமே தெரியாது. அந்துவானாக நடித்த 14 வயது ழான் பியர் லியோ மேசையைத் தடவிக்கொண்டு, எழுதிவைத்த வசனம் இல்லாமல், தனக்குத் தோன்றியபடி பதில் சொல்கிறான். டோலனிடம் ஸ்லோமோஷனும் அலங்காரமும் கொஞ்சம் தூக்கல். இளைஞன் செலவழித்துப் பார்க்கிறான், விட்டுவிடலாம்.

ஆனால் அம்மா? த்ரூஃபோவின் அம்மாவை நாம் மகனின் உயரத்திலிருந்து மட்டுமே பார்க்கிறோம். டோலன் தன்னைத் தானே இயக்கிக்கொண்ட படத்தில் ஆகச் சிறந்த காட்சியைத் தூக்கி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். விடுதிப் பள்ளியிலிருந்து மகன் ஓடிவிட்டான். வீட்டில் ஆண் துணை இல்லாததுதான் குறை என்று முதல்வர் தொலைபேசியில் உபதேசிக்கிறார். அம்மாவாக நடித்த ஆன் டோர்வால் வெடிக்கிறார் பாருங்கள்! தனியாக வளர்த்த அத்தனை வருடமும் அந்த ரிசீவருக்குள் கொட்டுகிறது.

இன்னொரு இடம். இன்று நான் செத்துப்போனால் என்ன செய்வாய் என்று ஊபேர் அம்மாவிடம் கேட்கிறான். பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிடுகிறான். அவன் காதில் விழாத தூரம் போனபின் அவர் மெல்லச் சொல்கிறார்: நாளைக்கு நான் செத்துடுவேன்.

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால், சரி, த்ரூஃபோவையே பாருங்கள். கடைசியில் கடற்கரையில் உறையும் அந்துவானின் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. இரண்டு ராத்திரி இருந்தால் அதே வரிசையில் பாருங்கள். டோலன் எங்கே கடன் வாங்கினார், எங்கே திருப்பித் தந்தார் என்பது புரியும். இரண்டாவதில் அந்தரங்கக் காட்சிகள் உண்டு. ஹாலில் அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.