நகைக்கடன் வாங்குன அனுபவம்: பேப்பர் வேலைக்கு நாலு ஸ்டார்

திண்டுக்கல்ல அம்மாவோட செயினையும் கல்லு வச்ச தோடையும் அடகு வச்ச நகைக்கடன் கம்பெனி கிளை பத்தி இது. எங்க போனாலும் வட்டி எவ்வளவுன்னுதான் கேக்குறாங்க, என்ன பேப்பர் கேப்பாங்க என்ன பேப்பர் குடுப்பாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. எனக்கு அதுதான் முக்கியம், ஏன்னா நகைய குடுத்துட்டு வெளிய வரும்போது கையில இருக்குறது அந்த ரசீது மட்டும்தான்.

அம்மா ரேஷன் கார்டும் பான் கார்டும்தான் எடுத்துட்டு வந்தாங்க, ரெண்டுமே அடையாள சான்றா செல்லாதுன்னு கவுன்டர்லயே சொல்லிட்டாங்க. கேட்டு கோவப்படாதீங்க, ரிசர்வ் வங்கியோட கேஒய்சி விதியே (வாடிக்கையாளர் யாருன்னு சரிபாக்குற விதி) அப்படித்தான். ஆதார், வோட்டர் ஐடி, லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை மாதிரி சிலதுதான் எடுத்துக்குவாங்க. பான் தனியா கேப்பாங்க, அது இல்லாதவங்க பான் இல்லைன்னு ஒரு உறுதிமொழி படிவம் எழுதி குடுக்கலாம். ஆதார் ஜெராக்ஸ் குடுக்குறவங்க முதல் எட்டு நம்பரை மறைச்சு குடுங்க, இங்க அதுக்கு ஒண்ணும் சொல்லல, நல்ல விஷயம்.

செயின் பாட்டி காலத்துது, பில்லுக்கு எங்க போறது? 2025ல ரிசர்வ் வங்கி வரைவு விதி வந்தப்ப பில் இல்லாத நகைய இனிமே வாங்கவே மாட்டாங்கன்னு ஊரெல்லாம் பயந்து கிடந்துச்சு, ஆனா அந்த ஜூன்ல வந்த இறுதி விதியில நகை நம்மளோடதுதான்னு உறுதிமொழி எழுதி குடுத்தாலும் போதும்னு இருக்கு. இங்கயும் அதே மாதிரி ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு முடிச்சுட்டாங்க, தேவையில்லாத கேள்வி எதுவும் இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது மதிப்பீடு. நகைய உள்ள எடுத்துட்டு போகாம எங்க கண்ணு முன்னாடியே உரைகல்லுல உரசி, ஆசிட் விட்டு பாத்து, தராசை எங்க பக்கம் திருப்பி வச்சாரு அந்த அண்ணன். தோட்டுக்கு கல்லு எடைய கழிச்சு மொத்த எடை வேற, நிகர எடை வேறன்னு தனித்தனியா எழுதி, எத்தனை கேரட்டுன்னும் ரசீதுல போட்டாங்க. முன்னாடி ஒரு வட்டிக்கடையில "செயின் 1"னு மட்டும் எழுதி துண்டு சீட்டு குடுத்தாங்க, எடையே இல்ல. அடகுக்கடைக்கு தமிழ்நாட்டுல 1943லேர்ந்தே சட்டம் இருக்கு, லைசென்ஸ் வேணும், ஒழுங்கான அடகு சீட்டு குடுத்தே ஆகணும், அப்படியும் ஏழைங்க கையில துண்டு சீட்ட திணிக்குறாங்கன்னா வயிறு எரியுது.

பணம் 20,000க்கு மேலன்னா கையில தரமாட்டாங்க, அக்கவுன்ட்லதான் போடுவாங்க, அதனால பாஸ்புக் எடுத்துட்டு போயிடுங்க.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்கு காரணம் இருக்கு. படிவத்துல தொகை, வட்டி, தவணை தேதி எல்லாம் காலியா விட்டுட்டு "கையெழுத்து போடுங்க மேடம், அப்புறம் ஃபில் பண்ணிக்கிறோம்"னு நீட்டுனாங்க. நான் முடியாதுன்னுட்டேன், எழுதி முடிக்குற வரைக்கும் உக்காந்திருந்து படிச்சு பாத்துட்டுதான் அம்மாவ கையெழுத்து போட விட்டேன். நிபந்தனை தாள் வேற முழுக்க இங்கிலீஷ். தமிழ்ல வேணும்னு கேட்டப்புறம்தான் பிரிண்ட் எடுத்து குடுத்தாங்க, கேக்காமலே குடுத்திருக்கணும். மேல சொன்ன அந்த 2025 ரிசர்வ் வங்கி விதிப்படி வட்டார மொழியிலயோ நாம கேக்குற மொழியிலயோதான் தரணும், படிக்க தெரியாதவங்களுக்கு கம்பெனி ஆளா இல்லாத ஒரு சாட்சிய பக்கத்துல வச்சுக்கிட்டுதான் விளக்கணும்.

முழுசா கட்டுன அன்னைக்கே நகைய தரணும், மிஞ்சிப்போனா 7 வேலை நாள், அவங்களால லேட் ஆனா நாளுக்கு 5,000 ரூபா நமக்கு குடுக்கணும்னும் அதே விதியில இருக்கு. நாங்க இன்னும் திருப்பல, திருப்புன பிறகு அந்த பக்கம் எப்படி இருந்துச்சுன்னு இதுலயே சேத்து எழுதுறேன். வயசானவங்கள தனியா அனுப்பாதீங்க, கூட ஒருத்தர் போங்க.