உஃபிஸியில் மூன்று மரியாக்கள் இருக்கும் அறை: ஒரு விமர்சனம்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனால் உஃபிஸி அருங்காட்சியகத்தில் முதலில் இந்த அறைக்குப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பழைய இத்தாலிய ஓவியர்களான சிமாபுவே, துச்சோ, ஜோட்டோ மூவரும் வரைந்த, இயேசுவின் தாய் மரியா அரியணையில் அமர்ந்திருக்கும் ஓவியங்கள் மூன்றும் ஒரே அறையில். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேறெங்கும் வாய்க்காது. திங்கட்கிழமை விடுமுறை, காலை 8.15க்குத் திறந்ததும் போய்விடுவது நல்லது.

மூன்றுமே பாப்லர் மரப்பலகை. அதன்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, பின்னணிக்குச் செம்மண் தடவி அதில் தங்க ரேக்கு, பிறகு முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். இந்த வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும், குழைத்துத் தேய்க்க முடியாது என்பதால் முகத்தைக்கூட மயிரிழைக் கோடுகளாகவே கட்டியிருக்கிறார்கள். தோலுக்கு அடியில் பச்சை மண் நிறம். மேல்பூச்சு தேய்ந்த இடங்களில் அந்தப் பச்சை தெரியும்.

சிமாபுவேயின் மரியா உடையில் மடிப்பெல்லாம் தங்கக் கோடுகள், அது சொர்க்கத்தின் ஒளி. 1285இல் ஒப்பந்தம் போட்டு துச்சோ வரைந்ததில் மேலங்கியின் தங்கக் கரை நெளிந்து நெளிந்து இறங்கும் அழகுக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். ஜோட்டோவிடம் அந்தக் கோடுகள் இல்லை, நிழலை வைத்தே துணிக்கடியில் முழங்காலைக் காட்டிவிடுகிறார். கீழே மண்டியிட்ட தேவதைகளின் பூச்சாடிகளையும் விட்டுவிடாதீர்கள், அதிலுள்ள வெள்ளை லில்லி மரியாவின் தூய்மைக்கு அடையாளம்.

என் ஓட்டு துச்சோவுக்குத்தான்.