புள்ளிக்கு 45 பைசா: மாரியட், அக்கோர், தாஜ், ஐடிசி ஓர் ஒப்பீடு

ஆவணி முகூர்த்தத்தில் மதுரையில் ஒரு கல்யாணம். இரண்டு இரவு, இரண்டு அறை வேண்டும். அலுவலக வேலையாக மாதாமாதம் கோயம்புத்தூர் போய்வந்ததில் மாரியட் ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் கணக்கில் 26,000 புள்ளிகளும், தாஜ் ஹோட்டல்களின் வழியாக டாடா குழுமத்தின் புள்ளியான நியூ காயின் 3,100-உம் சேர்ந்திருந்தன. இதைச் சொன்னதும் அத்தான் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: “எல்லாம் சேர்த்து ரூபாயில் எவ்வளவு மாப்பிள்ளை?”

நியூ காயினுக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன்: 3,100 ரூபாய். மாரியட்டுக்கு, “எந்தத் தேதி, எந்த ஹோட்டல் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும் அத்தான்” என்றேன். அவர் சிரித்தார். ஏதோ சீட்டு கம்பெனியில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருப்பார்.

ஹோட்டல் உறுப்பினர் திட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் அறை உயர்வு, வரவேற்புப் பானம், தாமதமாகக் காலிசெய்யும் சலுகை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது, ஒரு புள்ளிக்கு விலை எழுதியிருக்கிறதா இல்லையா என்பதுதான்.

விலை எழுதிய புள்ளி ரூபாய் நோட்டு மாதிரி. தாஜ், விவாந்தா, ஜிஞ்சர் ஹோட்டல்களை நடத்தும் ஐஎச்சிஎல் தருகிற நியூ காயின் ஒன்று ஒரு ரூபாய். ஐடிசி ஹோட்டல்களின் கிளப் ஐடிசி தருகிற கிரீன் பாயின்ட் ஒன்றும் ஒரு ரூபாய்தான். நோவோடெல், ஐபிஸ், சோஃபிடெல் ஆகியவற்றை நடத்தும் பிரெஞ்சுக் குழுமமான அக்கோரில் 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ. எந்த ஊர், எந்த நாள் என்பதைப் பொறுத்து இந்த மதிப்பு மாறாது.

மாரியட், ஹில்டன், ஐஎச்ஜி, ஹயாத் குழுமங்களின் புள்ளி மதுரை மல்லி மாதிரி. முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. இவர்களில் ஹயாத் மட்டும் எந்த வகை ஹோட்டலுக்கு எத்தனை புள்ளி என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. மாரியட்டும் அப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தது; 2022 மார்ச்சில் எடுத்துவிட்டது. அதிலிருந்து அறை வாடகை ஏறினால் புள்ளி விலையும் ஏறுகிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவில் ஏறுவதில்லை. லாபம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

சேர்க்கும்போது யார் அதிகம் தருகிறார்கள்?

அக்கோரில் புதிதாகச் சேர்ந்தவருக்கு நோவோடெல் வகை ஹோட்டலில் ஒவ்வொரு 10 யூரோவுக்கும் 25 புள்ளி. 100 யூரோ செலவழித்தால் 250 புள்ளி, அதாவது 5 யூரோ. நேராக 5 சதவீதம். ஐபிஸில் இதில் பாதிதான். நியூ காயினும் தாஜ் ஹோட்டல்களில் 5 சதவீதத்திலிருந்து தொடங்குகிறது.

மாரியட்டில் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலருக்கு 10 புள்ளி. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி நீங்கலாக 9,000 ரூபாய்க்கு 1,000 புள்ளி வரும். இது அக்கோரின் 5 சதவீதத்துக்குச் சமமாக வேண்டுமானால் அந்த 1,000 புள்ளி 450 ரூபாய்க்குப் போக வேண்டும். ஆக, புள்ளிக்கு 45 பைசா. அதற்கு மேல் வாங்கத் தெரிந்தவருக்கு மாரியட் நல்லது. முடியாதவருக்கும், கணக்குப் பார்க்கப் பொறுமை இல்லாதவருக்கும் நிலையான மதிப்புள்ள திட்டமே நல்லது. நான் இத்தனை வருடமாகப் பார்த்ததில் இரண்டாவது வகை ஆட்கள்தான் அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பைசாவைக் கணக்கிடுவது எப்படி?

அறை வாடகையைப் புள்ளியால் வகுத்துவிட்டு, “புள்ளிக்கு ஒரு ரூபாய் கிடைத்தது” என்று சொல்லிக்கொள்வது சுலபம். ஆடித் தள்ளுபடியில் 3,000 ரூபாய் விலைச்சீட்டு ஒட்டிய சேலையை 1,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 1,800 ரூபாய் சம்பாதித்ததாகச் சொல்வது போலத்தான் அதுவும். நான்கு விஷயங்களைச் சேர்க்கவும் கழிக்கவும் வேண்டும்.

மதுரையில் நான் பார்த்த அறையையே எடுத்துக்கொள்வோம். எண்களைச் சுலபத்துக்காக முழுமையாக்கியிருக்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு வாடகை 9,000 ரூபாய். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 10,620. புள்ளி கொடுத்துத் தங்கினால் இந்த வரி கிடையாது என்பதால் இதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பணம் கட்டும் வாடகையில் காலை உணவு உண்டு, புள்ளி அறையில் இல்லை. ஹோட்டல் போட்டிருக்கும் உணவு விலையைக் கழிக்க நான் தயாராக இல்லை. மதுரையில் காலை நேரத்தில் ஹோட்டலுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மதுரைக்குப் போகவே வேண்டாம். வெளியே இரண்டு பேருக்கு 300 ரூபாய் போதும். அதைக் கழித்தால் 10,320. அடுத்தது, பணம் கட்டியிருந்தால் எனக்கு 1,000 புள்ளி கிடைத்திருக்கும். புள்ளிக்கு 60 பைசா என்று மதிப்பாக வைத்து 600 ரூபாயைக் கழிக்கிறேன். மிச்சம் 9,720. அந்த அறைக்குக் கேட்டது 12,000 புள்ளி. வகுத்தால் 81 பைசா.

மறுநாள் இரவு அதே அறை 5,500 ரூபாய். 7,500 வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12 ஆக இருந்தது. ஆக 5,775. உணவுக்கு 300, கிடைக்காமல் போகும் புள்ளிக்கு 367 கழித்தால் 5,108. புள்ளி விலையோ 11,000. வெறும் 1,000 புள்ளிதான் குறைந்திருந்தது. வகுத்தால் 46 பைசா. ஒரே கட்டில், ஒரே ஜன்னல், ஓர் இரவு தள்ளிப் படுத்தால் பாதிக்குச் சற்று மேல்தான் மதிப்பு.

நான்காவது விஷயம்தான் பலருக்குக் கசக்கும். புள்ளி இல்லாவிட்டால் நீங்கள் உண்மையில் எங்கே தங்கியிருப்பீர்கள்? டவுன்ஹால் ரோட்டில் 3,000 ரூபாய் அறை என்றால், உங்கள் கணக்கில் அந்த 12,000 புள்ளியின் மதிப்பு 3,000 ரூபாய்தான். புள்ளிக்கு 25 பைசா. இன்பம் வேறு, சேமிப்பு வேறு; இன்பத்துக்காகச் செலவழித்தால் அதைச் சேமிப்பு என்று வீட்டில் சொல்ல வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள்.

ஊரைப் பொறுத்தும் மாறும்

கோயம்புத்தூர், மதுரை, திருச்சி என்று சுற்றுகிறவருக்கு மாரியட் வசதி. மூன்று ஊரிலும் ஹோட்டல் இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கோவளம் என்று குடும்பத்தோடு போகிறவருக்குத் தாஜ். அக்கோருக்குத் தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் பெரிய பலன் இல்லை. ஆனால் சிங்கப்பூர், பாங்காக், ஐரோப்பா என்று போய்வருகிறவருக்கு அதைப் போலச் சிக்கல் இல்லாத திட்டம் வேறில்லை. ஐபிஸில் தங்கிச் சேர்த்ததை நோவோடெலில் கரைக்கலாம்.

வெளிநாட்டில் ஒரே ஊரில் ஐந்து இரவு தங்குகிறவருக்கு மாரியட்டில் ஒரு நல்ல வழி உண்டு. தொடர்ந்து ஐந்து இரவைப் புள்ளியில் பதிந்தால், ஐந்தில் புள்ளி குறைவான இரவு இலவசம். நான்கு இரவில் திரும்ப நினைப்பவர் இன்னோர் இரவு சேர்த்துக்கொள்ளலாம். ஹில்டனிலும் இது உண்டு, ஆனால் அடிக்கடி தங்குகிறவர்களுக்குத் தரும் தகுதி நிலைகளில் குறைந்தது சில்வர் வேண்டும். புள்ளியை விமான மைலாக மாற்றும் வழியும் மாரியட்டில் இருக்கிறது. மூன்று புள்ளிக்கு ஒரு மைல்தான். பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு 60,000 புள்ளியை மொத்தமாக மாற்றினால் 5,000 மைல் கூடுதலாக வரும். டிக்கெட்டுக்குக் கொஞ்சம் மைல் குறைகிறது என்றால் ஒழிய, அறைப் புள்ளியை இதில் கரைக்க எனக்கு மனம் வராது.

காலாவதியிலும் வேறுபாடு உண்டு. மாரியட், ஹில்டன், ஹயாத் கணக்குகளில் 24 மாதம் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளி போய்விடும். அக்கோரில் 365 நாள். ஐஎச்ஜியில் தகுதி நிலை எதுவும் எட்டாதவர்களுக்கு 12 மாதம். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பயணம் போகிறவருக்கு அக்கோரின் கெடு கொஞ்சம் நெருக்கடிதான்.

சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா 2012-இல் திறந்த ஹோட்டல். அது ஐடிசி ஹோட்டல்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. கூடவே மாரியட்டின் லக்சுரி கலெக்ஷன் வரிசையிலும் இருக்கிறது. ஆகவே ஒரே அறையில் தங்கிக் கிரீன் பாயின்ட்டும் வாங்கலாம், மாரியட் புள்ளியும் வாங்கலாம்; இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வேறெங்கும் மாரியட்டில் தங்காதவர் அங்கே போய் மாரியட் எண்ணைக் கொடுத்தால், எதற்கும் காணாத சில ஆயிரம் புள்ளிகளோடு நின்றுவிடுவார். அவருக்குக் கிரீன் பாயின்ட் மேல்; சில நூறாக இருந்தாலும் அடுத்த முறை பில்லில் கழியும்.

அட்டையும் ஆப்பும்

2023-இல் எச்டிஎஃப்சி வங்கியும் மாரியட்டும் சேர்ந்து ஒரு கடன் அட்டை கொண்டுவந்தன. இந்தியாவில் ஹோட்டல் குழுமத்தோடு சேர்ந்த முதல் அட்டை. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், வரியோடு 3,540. அதற்கு 15,000 புள்ளிக்கு உட்பட்ட ஓர் இரவு இலவசம், கூடவே சில்வர் தகுதி. மேலே சொன்ன முகூர்த்த இரவு போன்ற ஒன்றுக்குப் பயன்படுத்தினால் 6,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த மறந்தால் 3,540 ரூபாய் தண்டம். மாரியட் ஹோட்டலுக்கு வெளியே அன்றாடச் செலவுக்கு இந்த அட்டையைத் தேய்ப்பதில் சாரம் இல்லை; 150 ரூபாய்க்கு 2 புள்ளிதான். 60 பைசா மதிப்பில் பார்த்தால் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை பதிவு செய்யும் இடத்தில் இருக்கிறது. ஒருமுறை ஒரு பயணச் செயலியில் 400 ரூபாய் குறைவு என்று அறை பிடித்தேன். ஹோட்டல் வரவேற்பு மேசையில் உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, கணினியில் தட்டி, பெயர் சொல்லி வரவேற்று, தண்ணீர்ப் புட்டியும் கொடுத்தார்கள். மூன்று இரவு தங்கினேன். இரண்டு வாரம் கழித்துக் கணக்கைத் திறந்தால் ஒரு புள்ளியும் ஏறவில்லை. எழுதிக் கேட்டேன், மூன்றாம் தரப்பில் பதிந்த அறைக்குப் புள்ளி கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விதி அதுதான். எல்லாக் குழுமங்களிலும் அதுதான். ஆனால் எண்ணை வாங்கித் தட்டியவர் அதை அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போது ஹோட்டலின் சொந்தச் செயலியில் உறுப்பினர் விலையைப் பார்த்துவிட்டு, வித்தியாசம் புள்ளியின் மதிப்பைவிட அதிகமாக இருந்தால் மட்டும் வெளியே போகிறேன். சில சமயம் வெளியேதான் மலிவு. அப்போது புள்ளியை மறந்துவிட வேண்டும்.

கல்யாணக் குடும்பங்களுக்கு ஒரு தகவல். மாரியட்டில் நீங்களும் ஓர் அறையில் தங்கி, மொத்தப் பணத்தையும் நீங்களே கட்டினால், மூன்று அறை வரை புள்ளி உங்கள் கணக்கில் ஏறும். சித்தப்பாவிடமும் பெரியம்மாவிடமும் பணத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் தந்தால்.

மதுரைக்கு நான் செய்தது இதுதான். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு இரண்டு அறைக்கும் 24,000 புள்ளி கொடுத்தேன். மறுநாள் இரவுக்குப் பணம் கட்டினேன். அதில் 1,200 சொச்சம் புள்ளி திரும்ப வந்தது. பதிவுகள் தனித்தனி என்பதால் முன்னாடியே ஹோட்டலுக்குப் போன் செய்து இணைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் நடுவில் பெட்டியைக் கட்டி அறை மாற வேண்டியிருக்கும். பட்டுப்புடவையோடு அது நடக்கிற காரியமா?

நியூ காயின் 3,100 மிச்சம் இருந்தது. அது டாடாவின் மற்றக் கடைகளிலும் செல்லும் என்பதால் குரோமாவில் ஒரு மிக்ஸி எடுத்து, பொண்ணு மாப்பிள்ளைக்கு வைத்துக் கொடுத்தோம். மண்டபத்து வாசலில் அத்தான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுவும் கோயம்புத்தூர் போய் வந்ததில் கிடைத்ததா?”